லேசர் அறையில் கேட்ட ஒரு சொல்

இணைப்புத் தாளில் கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. எனக்கு வயது இருபத்தொன்பது. விமான இன்ஜின் பாகங்களை லேசர் அதிர்ச்சி கொடுத்து உறுதிப்படுத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். மணமாகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். இந்த வழக்கில் காயம்பட்டிருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. எங்கள் ஷிப்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். புகார் கொடுத்திருப்பவர் அக்காவின் கணவர், என் அத்தான். குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் லேசர் ஆபரேட்டர். காதுக்கவசம் போட்ட பிறகும் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வதால் பட்டறையில் எல்லோரும் அவரைப் பஞ்சு என்றே கூப்பிடுவோம். நான் பஞ்சு அண்ணா என்பேன். மூன்று பேருமே எனக்கு வேண்டியவர்கள். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இங்கே வரவில்லை.

அதிகாரி கேட்டுக்கொண்டபடி எங்கள் வேலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். இன்ஜினின் முகப்பில் விசிறிபோலச் சுழலும் பிளேடுகள் எங்களிடம் வரும். பறக்கும்போது உள்ளே இழுக்கப்படும் மணலோ சிறு கல்லோ பிளேடின் ஓரத்தில் பட்டால் நகக்கீறல் அளவுக்கு ஒரு வடு விழும். அந்த வடுவிலிருந்து விரிசல் கிளம்பி, ஒருநாள் பிளேடு முறிந்துவிடலாம். அதைத் தடுப்பதற்குத்தான் இந்த வேலை. பிளேடின் ஓரத்தில் நான் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுப்பேன். லேசர் அறைக்குள் இயந்திரக் கை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டேப்பின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்துகொண்டிருக்கும். ஒளி பட்டதும் டேப்பின் மேற்பரப்பு ஆவியாகி வெடிக்கும். தண்ணீர் அந்த வெடிப்பை வெளியே போகவிடாமல் அமுக்குவதால் அதிர்ச்சி உலோகத்துக்குள் இறங்கும். "ஒளி எப்படிம்மா உலோகத்தை அடிக்கும்?" என்று அதிகாரி கேட்டார். அடிப்பது ஒளி அல்ல, அந்த வெடிப்பு என்று சொன்னேன். அடி வாங்கிய இடத்தில் உலோகத்தின் மேல்தோல் நெருங்கி இறுகிவிடும். நெரிசலான பேருந்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்களுக்கு நடுவே இன்னொரு ஆள் புக முடியாததுபோல, விரிசல் புக அங்கே இடம் இருக்காது. இந்த விளக்கம் என்னுடையதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேருந்தில் எங்களை இடித்துக்கொண்டே வந்த ஒருவரைக் கண்ணால் காட்டி அக்கா சொன்னது.

ஒளி ஒருமுறை பாய்வதை 'அடி' என்போம். பாய்ச்சச் சொல்வதற்கு 'அடி விடு' என்றும், அவசரத்தில் வெறும் 'விடு' என்றும் சொல்வோம். இது எந்தப் புத்தகத்திலும் உள்ள சொல் அல்ல. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் சேரும்போதே அப்படித்தான் இருந்தது.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போனால் சுட்டுவிடும். அதனால் லேசர் அறையின் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்தால் லேசர் தானாக அணைந்துவிடும். மறுபடி அது சூடேறித் தயாராக வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த, சுவிட்சின் மேல் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிவிட்டுக் கதவைத் திறக்கும் பழக்கம் எங்கள் ஷிப்டில் இருந்தது. காந்தம் ஒட்டியிருந்தால் கதவு மூடியிருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். அந்தக் காந்தம் மற்ற நேரங்களில் ஆபரேட்டர் மேஜையின் பக்கவாட்டில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கும். மேலாளர் ஒருமுறை அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பவம் நடந்த அன்று காலையில் மேலாளர் எங்கள் பகுதிக்கு வந்து, ஓர் இன்ஜின், பிளேடுகள் இல்லாமல் பிரித்தபடி கிடக்கிறது, அதற்கான மிச்சப் பிளேடுகள் இன்றே வண்டி ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வேலை நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாட்டிய பிளேடில் சில அடிகள் விழுந்ததும் சத்தம் மாறியது. நல்ல அடி என்றால் காய்ந்த குச்சியை ஒடித்ததுபோல் சுள்ளென்று கேட்கும். இது ஈரத்துணியை உதறியதுபோல் கேட்டது. அக்கா, பஞ்சு அண்ணா, நான் மூவருக்குமே அது தெரிந்தது. பஞ்சு அண்ணா உடனே நிறுத்தினார். அறைக்குள் இருக்கும் கேமராவின் கண்ணாடியில் நீர்த்திவலை படிந்திருந்ததால் திரையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாய் விலகியிருக்கும், உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னார். "லேசரை அணைச்சிட்டே போங்க மேடம்" என்று பஞ்சு அண்ணா சொன்னார். அதற்கு அக்கா, "அணைச்சா அப்புறம் சாயங்காலம்தான். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரலாம்" என்றார். மூவரும் சிரித்தோம். அதன் பிறகு அக்கா மேஜையிலிருந்து காந்தத்தை எடுத்துச் சுவிட்சில் ஒட்டிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு உள்ளே போனார். காந்தத்தை ஒட்டியது அக்கா. பஞ்சு அண்ணா அல்ல.

உள்ளே ஆள் இருக்கும்போது லேசரை எப்படி இயக்கினார் என்று அதிகாரி கேட்டார். இதற்கு முன்பும் அக்கா உள்ளே இருந்தபடியே, தண்ணீர் சரியாக வழிகிறதா என்று பார்ப்பதற்காக ஓர் அடி விடச் சொன்னது உண்டு. அப்போதெல்லாம் கண்ணாடியோடு மூலையில் உள்ள மறைப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு குரல் கொடுப்பார். அப்படிச் செய்யக் கூடாது என்பது மூவருக்கும் தெரியும். மூவரும் இருந்துதான் அது நடந்தது.

அன்று நான் பஞ்சு அண்ணாவுக்குப் பக்கத்தில், அடுத்த பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அறையின் சிறு ஜன்னலில் நிறமேற்றிய கண்ணாடி போட்டிருக்கிறது. அதன் வழியே முதலில் அக்காவின் முதுகு தெரிந்தது. பிறகு அவர் நகர்ந்துவிட்டதால் தெரியவில்லை. இன்டர்காமில் தண்ணீர்ச் சத்தம் இரைந்துகொண்டிருந்தது. "தண்ணி சரியாச்சா மேடம்?" என்று பஞ்சு அண்ணா கேட்டார். "இரு" என்று பதில் வந்தது. சற்றுப் பொறுத்து, "ஒண்ணு பார்க்கட்டுமா?" என்று, ஓர் அடி விட்டுப் பார்ப்பது பற்றிப் பஞ்சு அண்ணா கேட்டார். அதற்கு அக்கா சொன்ன பதில் "விடு, விடு" என்பது. அது தவிர வேறு சொல் எதுவும் என் காதில் விழவில்லை. 'வேண்டாம்' என்றோ 'நிறுத்து' என்றோ அவர் சொல்லவில்லை. அதன் பிறகு பஞ்சு அண்ணா பட்டனை அழுத்தினார்.

சத்தம் கேட்டது. அது நல்ல சத்தமும் அல்ல, மட்டமான சத்தமும் அல்ல. நான் அதுவரை கேட்காத சத்தம். பஞ்சு அண்ணா மறுகையால் சிவப்பு பட்டனை அடித்து எல்லாவற்றையும் நிறுத்தினார். நான் கையிலிருந்த பிளேடை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். மேஜையில் இருந்த அதன் தட்டில்தான் வைத்தேன். அந்த நேரத்திலும் ஓரம் இடிபடாமல் வைக்கத் தோன்றியதை இப்போது நினைத்தால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

அக்கா பிளேடுக்கு எதிரே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. அது முழுவதும் தண்ணீர் தெறித்து மங்கியிருந்தது. பிளேடில் நான் ஒட்டிய டேப்பின் ஒரு மூலை பெயர்ந்து, கீழே உலோகம் பளபளவென்று தெரிந்தது. ஒளி அந்த வெற்று இடத்தில் பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அக்கா அலறவில்லை. என்னைப் பார்த்து, "இடது கண்ணுல டேப் ஒட்டிக்கிச்சு பாரு, எடு" என்றார். நான் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எதுவும் ஒட்டியிருக்கவில்லை. "எடுத்தாச்சாடி?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தபோது பஞ்சு அண்ணா சிவப்பு பட்டனின் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். வேறு ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து எடுக்கவேண்டியிருந்தது.

அதன் பிறகு கம்பெனி வண்டியில் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இடது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை மட்டும் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அக்கா அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பார்க்க நினைப்பது தெரியாது, பார்க்க வேண்டாததெல்லாம் தெரியும், அப்படித்தானே டாக்டர் என்றார். வாசலில் நின்ற பஞ்சு அண்ணாவை அத்தான் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். அவர் திருப்பித் தள்ளவில்லை. தள்ளிய இடத்திலேயே நின்றார். அன்று மாலை அத்தான் புகார் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் லேசரை இயக்கினார் என்று அதில் எழுதியிருப்பதாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அத்தான் மாடிக்கு என் அறைக்கு வந்தார். அவர் சாதாரணமாக மாடிக்கு வரமாட்டார், கீழிருந்தே கூப்பிடுவார். நாற்காலியில் உட்காராமல், "அவ வேண்டாம்னு சொன்னா. உனக்கும் கேட்டிருக்கும். அதை மட்டும் சொன்னாப் போதும்" என்றார். எனக்குக் கேட்டது 'விடு' என்ற சொல்தான் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா. விடுன்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். அவர் அதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. அவர் பட்டறைக்குள் வந்ததே இல்லை. அவருக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான் தெரியும். அவர் என்னை மிரட்டவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். போகும்போது, "அவ பக்கம் பேச உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நான் மருத்துவமனைக்குப் போய் அக்காவைத் தனியாகப் பார்த்தேன். கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. என்ன நடந்தது என்று நான் கேட்கும் முன்பே அவரே சொன்னார். தண்ணீர்க் குழாய் சரியாகத்தான் இருந்தது, டேப்தான் பெயர்ந்திருந்தது, இனி அந்தப் பிளேடில் அடித்துப் பயனில்லை, டேப்பை உரித்துவிடலாம் என்று கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தேன் என்றார். "ஒண்ணு பார்க்கட்டுமான்னு கேட்டான். விடு விடுன்னேன். விட்டுத் தொலை, வேலைக்காகாதுன்னு சொன்னேன்." நான், "எனக்கு அடி விடுன்னு கேட்டுச்சுக்கா" என்றேன். "அவன் இடத்துல நீ இருந்திருந்தா?" என்று அக்கா கேட்டார். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நானும் அழுத்தியிருப்பேன் என்று சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

டேப் பெயர்ந்ததற்கு நான் காரணமா என்று அதிகாரி கேட்டார். அன்றைய டேப் துண்டுகளையும் பிளேடையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என் கைவேலை சரியில்லை என்று முடிவு வந்தால் அதை ஏற்றுக்கொள்வேன். பஞ்சு அண்ணாவுக்கும் அக்காவுக்கும் இதற்கு முன் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆள் எங்கே நிற்கிறார் என்று மறுபடி கேட்டு உறுதி செய்யாமல் அழுத்தியது தவறுதான். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்று காலை நான் இங்கே புறப்பட்டபோது அக்கா கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தானும் இருந்தார். "ஸ்டேஷனுக்கா?" என்று அக்கா கேட்டார். பல நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஆமாம் என்றேன். "காந்தத்தைச் சொல்லு. ஒட்டினது நான்னு சொல்லு" என்றார். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டு, நல்ல கண்ணுக்கு என் முகம் நேராகத் தெரிவதற்காகத் தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, "நீ கேட்டதை நீ சொல்லு. நான் நெனச்சதை நான் வந்து சொல்றேன். ரெண்டையும் வெச்சு அவங்க பார்த்துக்கட்டும்" என்றார். அத்தான் எழுந்து வந்து, என் ஸ்கூட்டரை வாசலில் திருப்பி நிறுத்திக் கொடுத்தார்.

மேற்கண்டவற்றை அதிகாரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அக்கா சொன்ன பதில் வரும் இடத்தில் முதலில் 'இயக்கவும்' என்று எழுதப்பட்டிருந்தது. அவர் சொன்னது அதுவல்ல என்றேன். அப்படியானால் 'வேண்டாம்' என்று எழுதட்டுமா என்று அதிகாரி கேட்டார். அதுவும் அல்ல என்றேன். என் வேண்டுகோளின்படி அதை அடித்துவிட்டு, சொன்னது சொன்னபடி 'விடு, விடு' என்று எழுதி, பக்கத்தில் அவரும் நானும் சுருக்கொப்பமிட்டோம். மற்றபடி இதில் உள்ள அனைத்தும் நான் கண்டதும் கேட்டதும்தான், கூட்டியதோ குறைத்ததோ இல்லை என்று உணர்ந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி