கோட்டுக்கு மேலே கொசு கிடையாது

ஹலோ... ஹலோ! ஆமா, அக்காதான் பேசுறேன்... வைக்காத, வைக்காத! மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது. உங்க மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன்...

ஆமா... ஆமா, காய்ச்சல்தான். உடம்பெல்லாம் செவந்து தடிச்சு, ஈறுல ரத்தம் கசியுதுடா... இல்ல, டெஸ்ட் பண்ணல. ஏனா? நல்லா கேட்ட போ! "மலையில கொசு கிடையாதும்மா, கொசுக் காய்ச்சல் டெஸ்ட்டெல்லாம் கீழ ஊருக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க"ன்னு டாக்டர் கையை விரிக்கிறார். குடுக்கிறது யாரு? கொசு ஒழிப்பு ஆபீஸ். அங்க பெரிய நாற்காலியில யாரு? என் கூடப் பொறந்த புண்ணியவான்!

என்னது... கீழ வந்து கடி வாங்கியிருப்பாரா? டேய், கால் உடைஞ்சு மாவுக்கட்டோட ரெண்டு மாசமா ஜன்னலோரம் கிடக்கிற மனுஷன்டா! நொண்டிக்கிட்டே மலை இறங்கி, கடி வாங்கிக்கிட்டு, திரும்ப ஏறி வந்து படுத்துக்கிட்டாராக்கும்?

ம்... ம்... தெரியும்டா அந்தக் கோடு. உன் ரூம் மேப்புல சிவப்பா இழுத்திருக்குமே. அதுக்கு மேல குளிரு, கொசு ஏறாது. எப்பப் போட்ட கோடு அது?... பாத்தியா, நீ பொறக்குறதுக்கு முன்னாடி! இப்ப இங்க குளிர் எங்கடா இருக்கு? என் கடைக்கு வந்து பாரு. ஸ்வெட்டரெல்லாம் மடிச்சது மடிச்சபடி தூங்குது. வர்றவங்க என்கிட்ட ஃபேன் இருக்கான்னு கேக்குறாங்க. மலை சூடாயிடுச்சுன்னு கொசுவுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆபீசருக்குத் தெரியல...

ஆதாரமா? ஜாம் பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கேன். காலெல்லாம் வெள்ளை வரி... சரியா பாத்தேனாவா? ஸ்வெட்டர் பின்னுறவளுக்கு வரி தெரியாதா!

சிரிக்காத. போன வாரம் லீவு போட்டு, கீழ புழுக்கம் தாங்கலன்னு வந்தியே. ஜன்னல்ல நான் கட்டின கொசுவலையை அவுத்தது யாரு? "என் அக்கா வீட்ல கொசுவலையா, ஆபீஸ்ல சிரிப்பாங்க"ன்னு சுருட்டிப் பரண்ல போட்டுட்டு, மாமா பக்கத்துல சட்டையைக் கழட்டிட்டு மத்தியானம் பூரா குறட்டை விட்டியே...

ஆமா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?... நேத்துலேருந்தா?... ஏசி ஒத்துக்கலையா, சரி... கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதா?

ஐயோ கடவுளே. தம்பி, கண்ட வலி மாத்திரையைப் போட்டுத் தொலைக்காத, ரத்தம் கசியும்டா. இப்பவே போய் டெஸ்ட் எடு. உனக்கென்ன, கோட்டுக்குக் கீழதானே இருக்க, உடனே எடுப்பாங்க!

இரு, இரு... எங்க கடிச்சதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?... கீழதான்னு சொல்லுவியா? வெக்கமா இல்ல? நீ ஒரு வார்த்தை "மலையில"ன்னு சொன்னா இன்னைக்கே இங்க டெஸ்ட் வந்து சேரும். அந்த ஒரு வார்த்தை இல்லாம உங்க மாமா செத்துப்போயிடுவாருடா!... மானம் போகுமா? போகட்டும். உசுரை விடவா?

சொல்லுவியா?... சத்தமா சொல்லு... சரி. சரி, அழாத. தண்ணி நெறைய குடி...

என்ன? புதுக் கோடு எங்க போடுறதுன்னு மேலதிகாரி கேப்பாரா? உங்க மாமா கட்டிலுக்கு மேல போடச் சொல்லு! முதல்ல டெஸ்ட்டை மலை ஏத்துடா, கோட்டை அப்புறம் ஏத்திக்கலாம்... ஐயோ, உங்க மாமா ரூம்லேருந்து நர்ஸ் ஓடி வர்றாங்க. வைடா போனை!