காய்ச்சல் என்று எழுதாதவள்

மலைமேகம் இறங்கி வந்து மேடையோரம் நிற்கும் இந்த மாலையில், தலைமை தாங்கும் என் முதலாளி, அண்ணாச்சி சிவனணைந்தபெருமாள் அவர்களே! முன்வரிசையை முழுதாய் அலங்கரிக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கியிருக்கும் தாய்மார்களே! தலைகுனிந்து செல்போனுக்குள் தவமிருக்கும் தம்பி தங்கையரே! தென்காசிக் கணினி நிறுவனமொன்றின் மனிதவள அதிகாரி முத்துச்செல்வம் உங்களை வணங்குகிறேன்.

'அலுவலகமும் இணையமும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மனிதவளம் என்றால் என்ன? "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கொஞ்சுவோம். காய்ச்சல் வந்தால் மருத்துவச் சான்று கேட்போம். உலகத்தில் வேறெந்தக் குடும்பம் ஐயா இப்படிக் கேட்கும்? சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, கேட்கச் சொன்னதே நீங்கள்தான்!

போன ஆனி மாதம். குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று காலை ஏழு மணிக்கு ஒரு ரீல்ஸ் வந்தது. எட்டு மணிக்குள் என் செல்போனுக்குப் பதினேழு விடுப்பு விண்ணப்பங்கள். பதினாறு பேருக்குக் காய்ச்சல்! ஒரே ஒருத்தி, சுந்தரபாண்டியபுரத்துச் சத்யபிரியா, தன் வீட்டில் முதன்முதல் மாதச் சம்பளம் வாங்கியவள், எழுதியிருந்தாள்: "சார், அருவியில தண்ணி நல்லா விழுது. குளிக்கப் போறேன். ஒருநாள் லீவு வேணும்."

படித்தேன், சிரித்தேன், படமெடுத்தேன், அதிகாரிகள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். மதியத்துக்குள் அது மதுரையைத் தாண்டியது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று முகம் தெரியாத பெரிய மனிதர்கள் பக்கம் பக்கமாய்ப் பதிவு போட்டார்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரும் வெளியே வந்தது. அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்: "ஏலே, கம்பெனி மானம் காத்துல பறக்குது. நாளைக்கு அவ இங்கன வரக்கூடாது."

பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான். காய்ச்சல்காரர்கள் பதினாறு பேரும் மறுநாள் தும்மிக்கொண்டே வேலைக்கு வந்தார்கள். சத்யபிரியா கடிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "காய்ச்சல்னு எழுதியிருந்தா விட்டிருப்பியளா சார்?" எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

பின்வரிசையில் யாரப்பா அது, "அன்னைக்கு நீரு எங்கன இருந்தீரு?" என்று கேட்பது? நல்ல கேள்வி! பல்வலி என்று விடுப்பு எழுதிவிட்டு ஐந்தருவியில்தான் நின்றேன். அந்தப் படத்தைப் பகிர்ந்ததே எண்ணெய் தேய்த்த கையோடுதான்!

பொய்க்குச் சம்பளம் கொடுப்போமா? புளுகுக்குப் பதவி உயர்வு கொடுப்போமா? உள்ளதை உள்ளபடி சொன்ன ஒருத்தியை மட்டும் ஊர் சிரிக்க வெளியே தள்ளுவோமா?

அண்ணாச்சி! இதோ இரண்டு தாள். ஒன்று சத்யபிரியாவை வேலைக்குத் திரும்ப அழைக்கும் ஆணை. மற்றொன்று என் ராஜினாமா. என்ன, "இங்கன வச்சா கேப்ப?" என்கிறீர்களா? அறைக்குள் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் கதவைக் காட்டினீர்கள். இங்கே கதவே இல்லை! ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போடுங்கள்.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அண்ணாச்சி பையில் பேனா இல்லையாம்; என் பேனாவை நீட்டியபடியே விடைபெறுகிறேன். வணக்கம்!