தங்கசாமியின் நாற்பத்தொரு நேர்காணல்கள்

— குப்பைன்னா நினைச்ச? முன்னூத்தி அம்பத்து மூணு இடத்துல இருந்தத குப்பைன்னு அழிச்சிருக்க தம்பி.

— எக்கா, முதல்ல ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. குத்தாலத்துல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திய போல. சீசன் கூட்டம்லா.

— உக்கார வரல துல்கர்னைன். காலையில யுனிவர்சிட்டி கைடு போன் போட்டாரு. இருநூத்தி எண்பது பக்கத்துல ஒரு அடிக்குறிப்பு கிடையாது, லிங்கேஸ்வரன் ஆராய்ச்சி பண்ணல, கதை எழுதி வச்சிட்டுப் போயிருக்காருங்காரு. பங்குனியில செத்துப்போன என் புருசனப் பாத்துச் சொல்லுத வார்த்தையா அது?

— நம்ம சாரையா அப்படிச் சொன்னாரு?

— சொல்ல வச்சது நீதான. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டப் பத்தி எட்டு வருசம் எழுதுனது. ஒண்ணும் செய்யாண்டாம், பிரிண்டு போட்டு பைண்டு பண்ணிக் குடு தம்பின்னுதான சொன்னேன். உள்ள கைய வைக்கச் சொல்லி எவ கேட்டா?

— தப்புதாங்க்கா. இங்கன வாரது பூரா பழைய ஃபான்டுல அடிச்ச ஃபைலு. அத யூனிகோடுக்கு மாத்துனா நடுநடுவுல பிராக்கெட்டும் நம்பருமா கண்டதும் முளைச்சு நிக்கும். கல்யாணப் பத்திரிக்கையோ கண்ணீர் அஞ்சலியோ, அத மொத்தமா அழிச்சிட்டுத்தான் மத்த வேலை. பதிமூணு வருசப் பழக்கம். சார் ஃபைலத் தொறந்ததும் கை தானாப் போயிட்டு.

— உன் கைக்கு வாசிக்கத் தெரியாதோ? ஒவ்வொரு பிராக்கெட்டுலயும் ஆளு பேரும் வருசமும் இருக்குல்லா. இத யாரு சொன்னா, எந்தப் பொஸ்தகத்துல இருக்குங்கதுக்கு அடையாளம் அது. எழுதுததுக்கு ஒரு சாப்ட்வேர் வச்சிருந்தாரு, ஆதாரத்தைப் பூரா இன்னொண்ணுல ஏத்தி வச்சிருந்தாரு. கடைசியில ரெண்டையும் சேத்தாதான் அடிக்குறிப்பு வரும்னு நூறு தடவ சொல்லிருக்காரு. சேக்கதுக்குள்ள ஆளு போயிட்டாரு. நீ அடையாளத்தையும் தொடச்சுத் தந்திருக்க.

— சார் லேப்டாப்பக் கொண்டாந்திருக்கியளா?

— இந்தா. வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதுக்குப் பொறவு செத்தவங்க தீசிஸ வாங்க மாட்டாங்களாம். பேருக்கு முன்னால முனைவர்னு ஒரு வார்த்த வரணும். ஆஸ்பத்திரியில அது ஒண்ணுதான் என்கிட்ட கேட்டாரு.

— வந்துரும்க்கா. பாஸ்வேர்டு என்ன?

— என் பேருதான். வேல்விழி. இங்கிலீசுல, எல்லாம் சின்ன எழுத்து.

— தொறந்துட்டு. நல்லவேளை, மூலம் பத்திரமா இருக்கு, பிராக்கெட்டு ஒண்ணுகூட குறையல. வெளிய எடுத்து மேற்கோள் சாப்ட்வேருக்குள்ள விடுதேன். அட, வாங்க மாட்டேங்கு.

— ஏன் வாங்காது?

— தெரியலக்கா. வேர்டு ஃபைலாத்தான் குடுத்தேன்.

— ஆர்.டி.எஃப்னு ஒரு வகை இருக்கும் பாரு, அதுலதான் எடுக்கணும். இந்தா, அவரு நோட்டுலயே எழுதி வச்சிருக்காரு. உனக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வைக்க யோசனை சொன்னவனப் பாக்கணும்.

— திட்டுங்க. பத்தாப்புல சார்கிட்ட வாங்காததா. இந்தா ஓடுது. முன்னூத்தி பன்னெண்டு கிடைச்சிட்டு. பாருங்க, பக்கத்துக்கு அடியில எவ்வளவு அழகா வந்து உக்காருது.

— மிச்சம்?

— நாப்பத்தொண்ணுக்கு ஆளு இல்லங்கு. எல்லாமே ஒரே ஆளுதான். தங்கசாமி, நேர்காணல். அவரப் பத்தி சார் ஒண்ணுமே ஏத்தலக்கா.

— அன்னைக்கு அழிச்சதும் நீ, இன்னைக்கு இல்லங்கதும் நீயா? நாப்பத்தொரு தடவ வாயத் தொறந்தவனுக்கு விலாசம் இல்லாமலா இருக்கும்? நல்லாத் தேடு.

— இது நான் தொடாத ஃபைலுக்கா. நோட்டையும் நீங்களே பாருங்க. மூட்டை தூக்குத உச்சிமாகாளி இருக்காரு, லாரி வச்சிருக்க பரீது இருக்காரு, போன் நம்பரோட இருக்காங்க. தங்கசாமி இல்ல. நீங்க புளியங்குடிதான, தெரிஞ்ச ஆளா இருக்காதா?

— கல்யாணம் ஆகுத வரைக்கும் எங்க அப்பா கமிஷன் கடையிலதான் கிடந்தேன். அந்த மார்க்கெட்டுல தங்கசாமின்னு ஒருத்தரும் கிடையாது. அவன் என்னதான் சொல்லிருக்கான், வாசி கேப்போம்.

— "மழையில் பறித்த பழம் சாக்குக்குள்ளேயே வெந்துவிடும். கேரளா போகும் லாரி ஆரியங்காவு மலைப்பாதை ஏறுவதற்குள் நாற்றம் எடுக்கும். சந்தேகப்பட்டு மூட்டையைப் பிரித்தால் வியாபாரி சண்டைக்கு வருவார். அதனால் எட்டு வயதில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தையலுக்கு நடுவே கையை விடுவேன். சின்னக் கை, நடுச்சாக்கு வரைக்கும் போகும். சூடு தெரிந்தால் அந்த மூட்டை லாரியில் ஏறாது." எக்கா, ஒரு சந்தேகம். இந்தத் தங்கசாமி ஆம்பளதான?

— வளையல எடுக்க மறந்துட்டாரு.

— யாருக்கா?

— உங்க சாருதான். அது என் கை தம்பி. சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போது கேப்பாரு. பேச்சுக்குத்தான கேக்காருன்னு நானும் சொல்லிக்கிட்டே இருப்பேன். தார்ப்பாய எந்த இடத்துல விலக்கிக் காத்து விடணும்னு இருக்கா?

— இருக்கு. நூத்தி நாலாம் பக்கம்.

— பழம் தரம் பிரிக்குத பொம்பளைங்க கூலியக் கூட்டிக் கேட்டு, மூட்டைய ஏத்த விடாம மேலயே ஏறி உக்காந்தது?

— அதுக்கு ஒரு அத்தியாயமே இருக்குக்கா. தங்கசாமி எதுத்த கடையில நின்னு கண்ணால பாத்ததா எழுதிருக்கு.

— எதுத்த கடையில யாரும் நிக்கல. உக்காந்தவள்ல நானும் ஒருத்தி. எங்க அப்பா கடை வாசல்ல, எங்க அப்பா மூட்டை மேல. அதுக்குப் பொறவு அப்பா என்கிட்ட ஒரு வருசம் பேசல.

— அப்பம் சார் ஏன்க்கா உங்க பேரப் போடல?

— பொண்டாட்டி சொன்னான்னு எழுதுனா கைடு சிரிப்பாருல்லா. தங்கசாமி சொன்னா அது ஆதாரம். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா, என் பேரு எதுக்குன்னு நானே சொல்லிருந்தாலும் சொல்லிருப்பேன். கேக்கலையே. முன்னூத்தி பன்னெண்டு இடத்துக்கு ஆளு பேரு, பக்கம் வரைக்கும் எழுதி வச்ச மனுசனுக்கு, பக்கத்துல இருந்தவ பேரு வரல.

— எக்கா, நான் சொல்லுதேன்னு நினைக்காதிய. வெள்ளிக்கிழமைக்கு மூணு நாளுதான் இருக்கு. கைடு கையில இருக்க பிரதியிலயும் அந்த அத்தியாயத்துல தங்கசாமின்னுதான் படிச்சிருப்பாரு. இப்பம் மாத்துனா ஏன்னு கேப்பாரு, பொய்ப் பேருன்னு தெரிஞ்சா பட்டமே போனாலும் போவும். தங்கசாமிக்கு ஒரு விலாசத்தப் போட்டு விட்டுருவோம். யாரு போயி தேடப் போறா?

— அதுல என்னென்ன கேக்கு?

— பேரு, ஊரு, தொழிலு.

— வேல்விழி. புளியங்குடி. எலுமிச்சை மார்க்கெட். நாப்பத்தொண்ணுலயும் போடு.

— சாருக்கு முனைவர் வராமப் போயிட்டுன்னா?

— போடுன்னேன்.

— போட்டுட்டேன்க்கா. கீழ பேட்டி எடுத்தவர்னு ஒரு கட்டம் கிடக்கு. சார் பேர அடிக்கட்டா?

— அதக் காலியா விடு. என்னைய யாரும் பேட்டி எடுக்கல.