பனித் தோட்டத்தில் விட்டு வந்த செருப்பு

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை. பெங்களூரில் பொம்மசந்திரா கம்பெனிகளைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்புகிற சாலை... கம்பங்கள் உண்டு, விளக்குதான் எரியாது. தூறல் வேறு. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் ரகு. பின்னால் அவன் மனைவி வித்யாலட்சுமி.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது எங்கோ யாருக்கோ நடந்த கதை இல்லை. நம் ஜோகுபாளையத்து கவின் இருக்கிறானே, அவனுடைய சித்தி மகள்தான் இந்த வித்யா. கவின் சொல்லி எனக்குத் தெரியும். அவளாக வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ரகுவுக்கு வேலை போய் ஆறேழு மாதம். இன்டர்வியூவுக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். பேச்சே குறைந்துபோயிற்று. பணத்தைப் பற்றிக்கூட வித்யா அவ்வளவு கவலைப்படவில்லை. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷன் போய்விட்டானே என்றுதான் அவளுக்கு அழுகை. ஆரணியிலிருந்து அம்மா போனில் வழி சொன்னாள்.

"சனி புடிச்சிருக்குடி அவருக்கு. ஒரு சனிக்கெழம அவர் செருப்ப எங்கயாவது விட்டுட்டு வந்துடு. பீட அதோட போயிடும்."

நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் முதலில் திட்டுவோம், அப்புறம் பீடை ஒழிந்தது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் ரகு இதையெல்லாம் நம்பாதவன். கோயிலுக்குக் கூப்பிட்டாலே வாதத்துக்கு வருவான். அதனால் வித்யா வேறு இடம் பிடித்தாள்.

ஏரிக்கரைப் பூங்காவில் அந்த மாதம் யாரோ 'பனி உலகம்' போட்டிருந்தார்கள். பெங்களூரில் எங்கே பனி பெய்கிறது... கல்லுப்பும் அட்டைக் கூழும் கலந்து பாதை முழுக்கக் கொட்டிவைத்திருந்தார்கள். மூங்கில் புதர்களுக்கு நடுவில் புகை இயந்திரம். நிஜப் பனியில் கால் புதையாமல் இருக்க வெளிநாட்டில் கட்டிக்கொள்வார்களே, பாட்மிண்டன் மட்டை மாதிரி அகலமான பனிச்செருப்பு, அதை வாடகைக்குத் தருவார்கள். கட்டிக்கொண்டு பூங்காவை ஒரு சுற்று சுற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம். வெள்ளையில் சேறு படக் கூடாது என்பதால் நம் செருப்பை வாசலிலேயே கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும்.

செருப்பை விட்டுவிட்டு வர இதைவிட நல்ல இடம் உண்டா. வித்யாவின் மூளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவசரத்தைத்தான் சொல்வேன்.

செருப்பு ஸ்டாண்டில் சாந்தகுமாரி என்று ஒரு அம்மா. இருவருடைய செருப்பையும் வாங்கிக்கொண்டு இரண்டு டோக்கன் கொடுத்தாள். "நீங்கதான் லாஸ்ட் மேடம். ஒரு ரவுண்டு, அவ்ளோதான். பேக பேக, சீக்கிரமா வந்துடுங்க" என்றாள். டோக்கன் இரண்டையும் வித்யாவே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஈர அட்டை வாசனை. சரக்... சரக்... என்று உப்பு நொறுங்குகிற சத்தம். ரகு முன்னால் நடந்தான், தலையைக் குனிந்துகொண்டு. மூங்கில் வளைவில் புகை அவனை இடுப்பு வரை மறைத்தது... அப்புறம் தோள் வரை... அப்புறம் சத்தம் மட்டும்தான்.

"வார் அவுந்துடுச்சு ரகு. நீங்க சுத்திட்டு வாங்க, நான் வாசல்ல நிக்கறேன்" என்று வித்யா குரல் கொடுத்தாள்.

"ம்" என்றான். அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதானா என்று இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை.

வாசலுக்கு வந்து தன் டோக்கனை மட்டும் கொடுத்துச் செருப்பை வாங்கினாள். ரகுவின் டோக்கனை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஏரிக்குள் வீசிவிட்டாள். மனசு லேசாகிவிட்டது.

சாந்தகுமாரி பார்த்துவிட்டாள். "ஏன் மேடம் அப்படிச் செஞ்சீங்க?"

"அது... அவருக்கு வேற வாங்கிக்கலாம்னு."

"விடறதுனா அவரு வெளிய வந்தப்புறம் விடணும். ஆளு உள்ள இருக்கறப்ப அவரு செருப்ப வாணாம்னு சொல்லலாமா?"

அதற்குள் புகையிலிருந்து ரகு வந்துவிட்டான்.

சிரித்துக்கொண்டு வந்தான். பனிச்செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். டோக்கன் தொலைந்துவிட்டது என்று இவள் இழுத்தாள். அவன் காதில் வாங்கவே இல்லை. ஸ்டாண்டு மூலையில் யாரும் கேட்டு வராத பழைய செருப்புகள் கிடந்தன. நேராக அங்கே போனான். ஒரு ஜோடியைத் தேடாமல், பார்க்காமல் எடுத்து மாட்டிக்கொண்டான். கறுத்துப்போன தோல் செருப்பு. ரகுவுக்கு அகலப் பாதம். கடை கடையாக ஏறினால்தான் அளவு கிடைக்கும். இது தைத்துவைத்த மாதிரி உட்கார்ந்தது.

"போலாமா வித்யா? பசிக்குது" என்றான்.

பசிக்கிறது என்று அவன் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று. சனி இவ்வளவு சீக்கிரமா போய்விடும் என்று அவளுக்குக் கண் நிறைந்தது. ஸ்கூட்டரில் ஏறப் போனபோதுதான் அந்தச் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

மூங்கில் புதருக்குள்ளிருந்து. நிதானமாக, தலை குனிந்து நடக்கிற ஆளின் நடை.

"உள்ள இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

சாந்தகுமாரி தலையாட்டினாள், இல்லை என்று. அவள் வித்யாவைப் பார்க்கவில்லை. ரகுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ரகுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கிடைத்ததே என்று விழுந்து கும்பிட வேண்டியதுதானே? வித்யாவால் முடியவில்லை. வீட்டைப் பூட்டினால் ரகு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான், பாதிப் படியிலிருந்து திரும்பிவந்து மூன்றாவது தடவையும் இழுப்பான். இவன் பூட்டாமலே போனான். ரகு தூக்கத்தில் உருண்டு உருண்டு படுக்கையைப் பந்தாக்குவான். இவன் படுத்தது படுத்தபடி கிடந்தான். போர்வைக்குள் அவன் கால் பட்டால் ஜில்லென்றது. ஈர அட்டை வாசனை அடித்தது.

கவினிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா. மாமா நல்லா இருந்தாலும் உனக்குப் பிரச்சினையா?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தன்மேலேயே சந்தேகம் வந்தது. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை காலையில், தோசை ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏலகிரில தேன் வாங்கினோமே, அந்தப் பாட்டில எங்க வச்சீங்க?"

அவர்கள் ஏலகிரிக்குப் போனதே இல்லை. ரகுவாக இருந்தால், 'எப்பப் போனோம்?' என்று கேட்டிருப்பான்.

இவன் யோசிக்கவில்லை. "மேல் பலகைலதான்" என்றான். எழுந்துவந்து கையை நீட்டி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் துழாவி, ஒரு பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பாதி காலியான தேன் பாட்டில். ஏலகிரி என்று ஒட்டியிருந்தது.

தோசை கருகுகிற வாசனை வந்தும் வித்யா நகரவில்லை. அவன் தேனைத் தொட்டு நக்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். என்ன செய்கிறாள் என்று தெரிந்தே சிரித்த மாதிரி இருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, இவள் பூதத்துக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவனிடம் சொல்லாமல் பூங்காவுக்கு ஓடினாள். வெளிச்சம் மங்குகிற நேரம். பனி உலகம் முடிந்துவிட்டது. ஆட்கள் அழுக்கு உப்பை வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாந்தகுமாரி ஸ்டாண்டுப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டீங்களா. தெனம் கேக்கறாரு மேடம்."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு. மூடற நேரத்துக்கு அந்த மூங்கில் ஓரமா வந்து நிப்பாரு. 'என் வைஃப் வந்தாங்களா'ன்னு கேப்பாரு. இந்தாங்க சார் உங்க செருப்பு, போட்டுனு வீட்டுக்குப் போங்கன்னு நீட்டினேன். வாங்கல. 'வேணாம், வாசல்ல நிக்கறேன்னு சொன்னா, வருவா' அப்படீன்றாரு. குளுருல கால் வெளுத்துப்போயிருக்கு, பாவம்."

வித்யா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வெட்கப்படாமல், வாய்விட்டு அழுதாள். அப்புறம் எழுந்து ரகுவின் செருப்பை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மூங்கில் ஓரத்துக்குப் போனாள். யாரும் இல்லை. வெறும் மண். அங்கங்கே கொஞ்சம் வெள்ளை.

"ரகு, வாங்க. நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றாள். செருப்பை ஜோடியாகக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மூங்கில் இலைகூட அசையவில்லை. இருட்டிவிட்டது. லாரிக்காரன் கிளம்பச் சொன்னான். குனிந்து செருப்பை எடுக்கப் போனாள்... அது அங்கே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் ஒரு ஓரமாக ஒதுங்கியே உட்கார்ந்துவந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. நெய் காய்கிற வாசனை. அவன் சமைத்திருந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கோபமும் இல்லை. கூடத்தில் தட்டுகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று தட்டு.

"யாருக்கு?" என்றாள் வித்யா.

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், வாசலைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, சோற்றைப் பரிமாற ஆரம்பித்தான்.

"ஒரு வாரமா நின்னுட்டே இருந்திருக்காரு" என்றான். "பசிக்கும்ல."