எல்லாரும் வலக்கை தூக்கின நேரம்

றிபா: கதவச் சாத்துங்க ராத்தா. ஆருக்கும் கேக்கப்படாது.

ஸுல்பிகா: என்னகா... முகம் வெளிறிப்போய்க் கெடக்கு? மஜீட் சேர் ஏசிட்டாரா?

றிபா: ஏசினா நல்லமே!

ஸுல்பிகா: கணித ஆலோசகர் எண்டா வகுப்பப் பாத்து ஏசத்தானே வாற. தண்ணியக் குடி. நான் சொல்லித்தந்த மாதிரிச் செஞ்சாயா?

றிபா: ஓம். கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்ச புள்ள வலக்கை, தெரியாத புள்ள இடக்கை.

ஸுல்பிகா: அது எனக்கு ஒருநாளும் புழைச்சதில்ல, தவறினதே இல்ல. பாக்குற ஆளுக்கு முழு வகுப்பும் கை தூக்குது. ஆரைக் கேக்கணுமெண்டு நமக்குத் தெரியும்.

றிபா: இண்டைக்கிப் புழைச்சிட்டு.

ஸுல்பிகா: புள்ளைகள் மறந்துட்டுகளா?

றிபா: புள்ளைகள் ஒண்டும் மறக்கல்ல. பின்னத்தைப் பின்னத்தால எப்படி வகுக்கிற எண்டு கேட்டன். பாதி வலக்கை, பாதி இடக்கை. மஜீட் சேர் எழும்பினார்...

ஸுல்பிகா: புடிச்சிட்டாரா!

றிபா: இல்ல. 'நல்ல காரியத்துக்கு இடக்கையா தூக்குற? வலக்கையத் தூக்குங்க மக்காள்' எண்டார்.

ஸுல்பிகா: யா அல்லாஹ்...

றிபா: அத்தன பேரும் வலக்கையத் தூக்கிட்டாங்க.

ஸுல்பிகா: சிரிக்கிறதா அழுறதா! அந்த மனுசன்ட மார்க்கப் பேணுதல் நமக்கு வெனையாப் போச்சே. சரி, முன்வாங்குல இரிக்கிற முபீனைக் கேட்டிருக்கலாமே?

றிபா: வாயத் தொறந்தன். அதுக்குள்ள அவரே விரல நீட்டிட்டார். கடைசி வாங்குல இரிக்கிற புள்ளைய.

ஸுல்பிகா: ஆரு?

றிபா: றுஸ்தா.

ஸுல்பிகா: ...றுஸ்தாவா?

றிபா: வருஷம் முழுக்க இடக்கை தூக்குற புள்ள. ஒருநாள் நான் அவளைக் கேள்வி கேட்டதில்ல.

ஸுல்பிகா: அழுதிருப்பாளே.

றிபா: அழுறதா? வெண்கட்டிய எடுத்துக் கரும்பலகையில ஒரு றொட்டியக் கீறினாள். 'இதில நாலு கால்துண்டு. அப்ப அரை றொட்டியில எத்தின?' எண்டு மத்தப் புள்ளைகளக் கேட்டாள். கடைசி வாங்கு 'ரெண்டு' எண்டு கத்திச்சி. 'அதான் காலால வகுக்கிறண்டா நாலால பெருக்குற. சும்மா பொரட்டுறல்ல' எண்டாள்.

ஸுல்பிகா: இரிகா, இந்தக் கொப்பிகள அடுக்கிட்டு வாறன்.

றிபா: கேக்குறீங்களா ராத்தா?

ஸுல்பிகா: ம்... கேக்குறன்.

றிபா: 'பொரட்டிப் பெருக்கு' எண்டுதானே நான் சொல்லிக்குடுத்த. ஏன் பொரட்டுற எண்டு நான் சொல்லவே இல்ல.

ஸுல்பிகா: அப்ப அந்தக் கடைசி வாங்குக்கு எப்படித் தெரிஞ்ச?

றிபா: சேரும் அதையேதான் கேட்டார். 'இடைவேளைக்கி றுஸ்தா சொல்லித் தாற' எண்டு ஒரே குரல்ல சொல்லுதுகள். இடக்கை தூக்குற ஆக்கள் ஆராருண்டு அவங்களுக்குத் தெரியுமே... மிஸ் கேக்க மாட்டாங்க எண்டுட்டு, வேப்பமரத்துக்குக் கீழ தாங்களே கூடியிருந்து கேட்டுப் படிக்கிறாங்க.

ஸுல்பிகா: நமக்குத் தெரியாமலா?

றிபா: போன தவணைச் சோதனையில என்ட வகுப்பில ஒரு புள்ளையும் பெயில் இல்லையெண்டு அதிபர் என்னைப் புகழ்ந்தாரே... அது நான் இல்ல ராத்தா. அவள்.

ஸுல்பிகா: மெதுவாக் கதை. பொறகு சேர் என்ன சொன்னார்?

றிபா: 'வியாழக்கிழமை கணித டீச்சர்மார் எல்லாருக்கும் நீங்க வந்து கதைங்க. புள்ளையே புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிற இந்த முறைய எப்படிக் கொண்டு வந்தீங்க எண்டு சொல்லுங்க' எண்டார்.

ஸுல்பிகா: போ, போகன்! தேடி வந்த வாய்ப்பு.

றிபா: எந்த மூஞ்சோட போற? நான் கொண்டு வந்தது இடக்கையும் வலக்கையும்தான். போனா அதைத்தான் சொல்லுவன்.

ஸுல்பிகா: விசர்க் கதை கதைக்காத! உன்ட பேர் கெட்டுப் போகும்.

றிபா: தெரியாத புள்ளைய நாம மறைச்சி வெச்சம் ராத்தா. தெரிஞ்ச புள்ளையும் அதுக்குள்ள மறைஞ்சி போச்சி. அத நான் சொல்லாம ஆரு சொல்லுற?

ஸுல்பிகா: ...சேர் றுஸ்தாக்கிட்ட வேற என்ன கேட்டார்?

றிபா: 'இவ்வளவு தெரிஞ்ச புள்ள ஏன் கடைசி வாங்குல இரிக்காய்?' எண்டார்.

ஸுல்பிகா: அவள் என்ன சொன்னாள்?

றிபா: 'ஜன்னல் காத்து வேணும் சேர்' எண்டாள்.

ஸுல்பிகா: அல்ஹம்துலில்லாஹ்.

றிபா: அந்த ஜன்னல் ஆணி அடிச்சி மூடிக் கெடக்கு ராத்தா. போன வருஷம் அந்த வகுப்பு உங்கட. அவள அங்க இருத்தினது...

ஸுல்பிகா: 'ஏன் டீச்சர் பொரட்டுற?' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்கா. அதிபருக்கு முன்னாலயும் கேட்டாள். எனக்கு... எனக்கு மறுமொழி தெரியா. இவ்வளவு காலம் படிப்பிச்சும் தெரியா. அதான் பின்னுக்குப் போட்டன். 'நீ எப்பவும் இடக்கையத்தான் தூக்கணும்' எண்டன்... வியாழக்கிழமை என்ட பேரையும் சொல்லப் போறாயா?

றிபா: இல்ல ராத்தா. சேர் போனாப் பொறகு அவளத் தனியக் கூப்பிட்டுக் கேட்டன், எல்லாம் சொன்னாள். சொல்லிப்போட்டு என்ட கையப் புடிச்சி, 'ஸுல்பிகா டீச்சருக்கு வெக்கமாப் போயிரும் மிஸ், ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க' எண்டு அப்பதான் அழுதாள்.