இரண்டு விரல் லிவர்

எங்கள் கார்த் தொழிற்சாலையில் எவரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு: கியர் நறநறத்தாலோ கழன்றாலோ குற்றம் ஓட்டுபவனின் கையில், கியர்ப் பெட்டியில் ஒருபோதும் இல்லை. டெட்ராய்ட்டில் ஞாயிறு தேவாலயத்துக்குப் போகாதவர்கள்கூட இதைக் கடைப்பிடித்தார்கள். சோதனை ஓட்டத்தில் பற்களை உரசவிட்டவன் அன்று மதியம் அனைவருக்கும் ‘ஆப்பிள் பை’ என்னும் பழப் பலகாரம் வாங்கித் தர வேண்டும். பெட்டிகளை வடிவமைத்த நான் பல ஆண்டுகள் இலவசமாகவே உண்டேன்.

அக்காலக் கார்களில், கியர்ப் பெட்டியின் இரைச்சலில், கணவனும் மனைவியும் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. சில இல்லறங்கள் அதனாலேயே நிலைத்தன என்பது என் கணிப்பு. எங்கள் முதலாளி பிரெண்டிஸ் இந்த நன்மையை உணரவில்லை. ஓசையில்லாத பெட்டி வேண்டும் என்றார். தம் மனைவி கையுறையைக் கழற்றாமல், இரண்டே விரலால் கியர் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

செய்தேன். பற்களைச் சாய்வாக வெட்டினேன், ஓசை அடங்கியது. சாய்ந்த பற்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். அதைத் தடுக்க, கியர் மாற்றும் கம்பியான லிவரை அதன் இடத்தில் நிறுத்தும் சுருள்வில் விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் இரண்டு விரல் போதாது. ஆகவே வில்லைத் தளர்த்தினேன். திருமதி பிரெண்டிஸ் புன்னகைத்தார்.

சோதனை ஓட்டுநர் காசிமிர் புன்னகைக்கவில்லை. அந்தப் போலந்துக்காரர் பென்சில்வேனிய மலைப்பாதையில் ஓட்டிவிட்டு வந்து, நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியர் தானாகக் கழன்றுவிடுவதாகச் சொன்னார்.

"பழைய பெட்டின்னா கத்தும் சார், உஷாராயிடுவேன். இது பூனை மாதிரி நழுவுது."

"லிவரை ஒரு கையால புடிச்சிக்கிட்டே ஓட்டுங்க."

"ஸ்டியரிங்குக்கு ஒண்ணு, கைப்பிரேக்குக்கு ஒண்ணு, லிவருக்கு ஒண்ணு. வண்டியோட மூணாவது கையும் சேத்து வித்துடுங்க சார்."

கூடம் சிரித்தது. அன்றைய ஆப்பிள் பையை, சட்டப்படி, அவரே வாங்கினார்.

எல்லாரும் போனபின் பெட்டியைச் சோதனை மேசையில் ஏற்றிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. புதிய பெட்டியைக் காட்டவிருந்த கார்க் கண்காட்சியோ நெருங்கிவிட்டது. அடுத்த வாரம் அதே மலைக்கு அதே பெட்டியுடன் அவரையே அனுப்பினேன். வேறொருவரை அனுப்பினால், குறை சொல்லும் வாய்கள் இரண்டாகிவிடும். நிர்வாகம் என்பது இத்தகைய சிக்கனங்களால் ஆனது. இறக்கத்தில் கியர் கழன்றது, பிரேக் எரிந்தது, கார் பள்ளத்தில் விழுந்தது. காசிமிர் அங்கேயே இறந்தார். அவர் மிக அமைதியாகவே போயிருப்பார். அந்தப் பெட்டிக்கு நான் உத்தரவாதம்.

மரண விசாரணையில் அவர் மனைவி ஜாட்விகா, கியர் கழல்வதைக் கணவர் வீட்டில் சொன்னதாகச் சாட்சியமளித்தார். தம் கணவர் கவனமில்லாதவர் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் என வேண்டிக்கொண்டார். நான் எழுந்து எங்கள் சட்டத்தைப் பண்போடு எடுத்துரைத்தேன்: கை தவறியிருக்கும். விசாரணை அதிகாரி தலையசைத்து, பேனாவைத் திறந்தார். அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அவர் இரக்கமுள்ளவர். எனக்கும் ஆறுதல் சொல்ல விரும்பினார்.

"ஒருவேளை அந்தம்மா சொல்றது நெசமாவே இருந்தாலும், உங்க மேல தப்பில்ல. அது உங்க அறிவுக்கு எட்டியிருக்காது, பாவம்."

என்னை எதுவும் சொல்லலாம். ஆனால் அத்தனை கனவான்கள் நடுவே, என் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று ஒருவர் சொல்வதை நான் எப்படிப் பொறுப்பேன்?

"எனக்குத் தெரியாம அதுல ஒரு திருகுகூட சுத்தாது சார்," என்றேன். "எந்தச் சரிவுல கழலும்னு காசிமிரைவிடத் துல்லியமா எனக்குத் தெரியும். அவர் கையில குத்தமில்ல. குத்தம் பெட்டியில."