ஒரு மணி நேரம் முந்திய பூமி

உலகப் போரை முன்னிட்டு அரசு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது, பூமியும் உடன் விரைந்து சுழன்றதெனச் சாதிப்போர் தூத்துக்குடியில் உளர். ஆதலின் இதனை எழுதி வைக்கிறேன். ஸ்ரீவைகுண்டம் செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் துறைமுக எழுத்தர் ஒருவரும் அவர் மனைவியின் அண்ணனும் அமர்ந்திருந்தனர்.

“ஏன் மாப்ள, பிள்ளையால மாமனுக்கு ஆகாதுன்னு சாதகம் எழுதி, என்னையத் தொட்டில்கிட்டயே விடமாட்டேங்கிய. பொறந்த நேரத்தை எந்தக் கடியாரத்துல பாத்திய?” என்றார் அண்ணன்.

“எங்க ஆர்பர் ஆபீஸ் கடியாரம். சர்க்கார் நேரம்லா, மச்சான்.”

“அதுல ஒரு மணி கூடுதல்லா? கழிச்சியளா?”

“எதுக்குக் கழிக்கணும்? சர்க்கார் முள்ளத் திருப்புனா பூமியும் கூடத்தான் சுத்தியிருக்கும்.”

“அன்னைக்குச் சூரியன் ஓடி வந்துச்சாக்கும்! வெளங்கும் ஒங்க உத்தியோகம்.”

புவி சுழல்வதால் கீழ்வானில் எழும் இராசியே சாதகத்துக்கு அடிப்படையான இலக்கினம். கடிகார முள் அதனை இம்மியும் நகர்த்தாது.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “கழிச்சும் பாத்தாச்சு, மச்சான். கழிச்சா தகப்பனுக்கு ஆகாதுன்னுல்லா சோசியர் சொல்லுதாரு.”

“அதான் பூமியவே சுத்தி விட்டியளோ?”



என் வானநூல் அறிவில் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. எழுத்தரின் கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டா. அஃது அவருக்குச் சரியாகவே வந்துள்ளது.